முப்புரிக் கயிறும் ஒரு துளி இரத்தமும்

தேர் வடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். தேங்காய் மட்டையிலிருந்து உரித்தெடுத்த ஒற்றை நாரைச் சிறு குழந்தைகூட அறுத்துவிடும். அந்த நார்களையே திரித்துப் புரியாக்கி, புரிகளை ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிட்டால், ஊரே கூடி இழுத்தாலும் அறாத வடமாகிவிடுகிறது. நார் கொடுக்கும் பலத்தை முறுக்குப் பன்மடங்காக்கிவிடுகிறது.

நம்முடைய தேகத்திற்குள்ளும் இத்தகைய கயிறு ஒன்று இருக்கிறது. தோலை உறுதியாக வைத்திருப்பது அது. தசையை எலும்போடு பிணைப்பது அது. எலும்பிலே சுண்ணாம்புச் சத்துப் பதிந்து இறுகுவதற்கு இடம் கொடுப்பதும் அதுவே. அதற்குக் கொலாஜன் என்று பெயர். நம் உடலிலுள்ள புரதங்களையெல்லாம் பிரித்தெடுத்து நிறுத்துப் பார்க்க முடியுமானால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். கிரேக்க பாஷையில் 'கொல்லா' என்றால் பசை என்று பொருள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையை நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்கள் அல்லவா? அதற்கு மூலப்பொருள் இதுதான் என்பதால் இந்தப் பெயர் ஏற்பட்டது.

இந்தக் கயிற்றைப் பற்றி நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. கயிறு வேண்டாத இடத்தில் அது மேலும் மேலும் திரிக்கப்பட்டால், கல்லீரல், நுரையீரல் போன்ற மிருதுவான உறுப்புகள் தழும்பேறி இறுகிப் போகின்றன. வைத்தியர்கள் இதை ஃபைப்ரோஸிஸ் என்கிறார்கள். தழும்பிறுக்கம் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். கயிறு வேண்டிய இடத்தில் அது அறுந்துகொண்டே போனாலோ, மூட்டுகள் சிதைந்து கைகால்கள் முடங்குகின்றன. இரண்டு கெடுதலும் நோயாளிக்குத் தெரியாமலே வெகு காலம் நடந்துகொண்டிருக்கக் கூடியவை. அவற்றை ஒரு துளி இரத்தத்திலிருந்தோ சிறுநீரிலிருந்தோ முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பதுதான் பல தேசங்களின் ஆராய்ச்சிசாலைகளில் ஆராயப்பட்டு வரும் கேள்வி. அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

சென்னையில் தெரிந்த முறுக்கு

இந்தக் கயிற்றின் முறுக்கை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் சென்னையில் வேலை செய்தவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 1922-ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், முப்பது வயது நிறையும் சமயத்தில் சென்னை சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார். ஜே. டி. பெர்னால் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி 1952-இல் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொன்னார். அமெரிக்காவில் லைனஸ் பாலிங் போன்ற மேதைகூட அதற்குக் கூறிய விளக்கம் பொருந்தாமல் போயிருந்தது. ராமச்சந்திரனும் அவருடைய சகாவான கோபிநாத் கர்த்தாவும் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். அதே நகரத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநார் அவர்களுக்குக் கிடைத்தது. அதனூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்து, படத்தில் விழுந்த புள்ளிகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள்.

கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்தது என்று 1954-இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த மூன்று சங்கிலிகளும் தனித்தனியே சுருண்டிருப்பதோடு, ஒன்றையொன்று சுற்றி மறுபடியும் முறுகியிருக்கின்றன என்று 1955-இல் திருத்தமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைஸீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருக்க வேண்டும். பருத்த அமிலம் ஒன்று அங்கே வந்து உட்கார்ந்தால் புரிகள் நெருங்கி முறுக இடம் இராது. இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் சங்கிலிகளுக்கு இடையேயுள்ள பிணைப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி மாறுபட்டார்கள். அந்த நுணுக்கத்தில் அவர்கள் சொன்னதே பின்னால் சரியென்று ஏற்பட்டது. ஆனால் முப்புரி முறுக்கு என்ற அடிப்படையை யாரும் அசைக்க முடியவில்லை. 1994-இல் அமெரிக்காவில் மிகத் தெளிவாக எடுத்த எக்ஸ் கதிர்ப் படமும் அதையே உறுதிப்படுத்தியது.

ஓயாத வேலை

கிணற்றுக் கயிற்றை ஒரு முறை வாங்கிக் கட்டிவிட்டால் அது இற்றுப் போகும் வரையில் நமக்குக் கவலை இல்லை. தேகத்திலுள்ள கயிறு அப்படிப்பட்டதன்று. அது ஒரு பக்கம் அவிழ்க்கப்பட்டும் மறு பக்கம் திரிக்கப்பட்டும் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ஆறிப்போன தழும்பிலே கூட இந்த வேலை நிற்பதில்லை. இதற்குச் சரித்திரத்தில் ஒரு விசித்திரமான சாட்சி இருக்கிறது.

1740-இல் ஜார்ஜ் ஆன்ஸன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடைய கப்பலில் முதிய சிப்பாய் ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் 1690-இல் நடந்த பாயின் யுத்தத்தில் அவர் பட்ட காயங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆறிப் போயிருந்தன. நடுக்கடலில் ஸ்கர்வி என்ற வியாதி கண்டதும், அந்தப் பழைய காயங்கள், ஆறவே ஆறாதவை போல, மறுபடியும் வாய் பிளந்தன. இதன் காரணம் அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினார்கள். கொலாஜனின் புரிகள் அவிழாமல் நிற்பதற்கு அதிலுள்ள புரோலீன் என்ற அமிலத்தில் ஒரு சிறு மாறுதல் நடக்க வேண்டும். அந்த மாறுதலுக்கு விடமின் 'ஸி' இன்றியமையாதது. விடமின் இல்லாதபோது பழைய கயிறு வழக்கம்போல அவிழ்ந்தது. புதுக் கயிறு தேறவில்லை. ஐம்பது ஆண்டுத் தழும்பு பிரிந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, திரிப்பதும் அவிழ்ப்பதும் சரிநிகராக நடக்கும் வரையில்தான் நமக்குச் சௌக்கியம். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வியாதிதான்.

பட்டறைச் சீவல்

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வெளியிலிருந்து அறிவது எப்படி? தச்சுப் பட்டறையின் வாசலில் புதிய மரச் சீவல் குவிந்திருந்தால், உள்ளே எதையோ இழைக்கிறார்கள் என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். மக்கிப்போன மரத்துண்டுகள் கிடந்தால் எதையோ உடைக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். கொலாஜன் விஷயத்திலும் யுக்தி இதுவே.

அணு அணுவாய்ப் பார்த்தால், உயிரணு ஒன்று முதலில் மூன்று சங்கிலிகளைச் செய்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள். இரண்டு கோடியிலும் குஞ்சம் வைத்தாற்போல உபரியாக ஒரு துண்டு இருக்கும். குஞ்சம் இருக்கும் வரையில் கயிறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வடமாக முடியாது. உயிரணுவை விட்டு வெளியே வந்ததும், என்ஸைம்கள் குஞ்சங்களை நறுக்கிவிடுகின்றன. நறுக்கிய குஞ்சங்களில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. இது புதுச் சீவல்.

கயிற்றை அவிழ்ப்பதற்கும் என்ஸைம்கள் உண்டு. தவளைக் குஞ்சுக்கு வால் மறைவது எவ்வாறு என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் 1962-இல் கொலாஜனை வெட்டும் என்ஸைமை அந்த வாலிலேயே கண்டுபிடித்தார்கள். அந்த வகை என்ஸைம் முப்புரிக் கயிற்றை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, முக்கால் பங்கு ஒரு துண்டும் கால் பங்கு ஒரு துண்டுமாக ஆக்கிவிடுகிறது. வெட்டுப்பட்ட முனை முழுக் கயிற்றில் எங்கும் இல்லாத புது முனை. அதை மட்டுமே அடையாளம் கண்டு ஒட்டிக் கொள்ளும் பொருள்களைச் செய்து, இரத்தத்தில் அத்துண்டுகள் எவ்வளவு என்று அளக்கிறார்கள். இது பழைய மரத்துண்டு.

இப்படி நோயின் நிலையைக் காட்டிக் கொடுக்கும் பொருள்களுக்கு உயிர்க்குறிகள் என்று பெயர். கொலாஜனில் இதுவரை 28 வகைகள் தெரியவந்துள்ளன. எலும்பிலும் தோலிலும் முதல் வகை மிகுதி. மூட்டின் குருத்தெலும்பில் இரண்டாம் வகை. இரத்தக் குழாய்களிலும் மிருதுவான உறுப்புகளிலும் மூன்றாம் வகை. எந்த வகையின் துணுக்கு என்று தெரிந்தால், எந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். முற்காலத்தில் சிறுநீரில் ஹைட்ராக்ஸி புரோலீன் என்ற ஒரே பொருளை அளந்து பார்த்தார்கள். எலும்பிலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று அதில் தெரியாது. ஜெலட்டின் சேர்ந்த பண்டத்தைச் சாப்பிட்டிருந்தாலும் அளவு ஏறிவிடும்.

வலிக்காத உறுப்பு

தழும்பிறுக்கத்தில் பெரிய சங்கடம், கல்லீரல் முறையிடுவதில்லை என்பதுதான். குடிப்பழக்கம், மஞ்சட்காமாலைக் கிருமிகளான ஹெப்படைட்டிஸ் 'பி', 'ஸி', சர்க்கரை வியாதியோடும் ஊளைச் சதையோடும் சேர்ந்து வரும் கொழுப்பு, இவை எதனாலும் கல்லீரல் ஆண்டுக்கணக்காகப் புண்படலாம். வான் குப்பர் என்ற ஜெர்மானியர் 1876-இல் கல்லீரலில் நட்சத்திர வடிவமான உயிரணுக்களைக் கண்டார். சாதாரண காலத்தில் விடமின் 'ஏ'யைச் சேமித்து வைத்துக் கொண்டு சாதுவாக இருக்கும் இவை, கல்லீரல் புண்பட்டதும் குணம் மாறிக் கொலாஜனைத் திரிக்கத் தொடங்குகின்றன. உள்ளே தழும்பு பரவி வரும்போதும் மனிதர் வழக்கம்போல உண்டு உடுத்தி உத்தியோகத்துக்குப் போய்வருவார். வயிற்றில் நீர் கோத்து, வாந்தியில் இரத்தம் கண்ட பிறகே விஷயம் வெளிப்படுவதுண்டு.

நிச்சயமாக அறிய வேண்டுமானால் விலாவின் வழியே ஊசியைச் செலுத்திக் கல்லீரலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். வலியும் சிறிது அபாயமும் உள்ள காரியம் இது. எடுக்கும் துணுக்கோ முழுக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்குதான். ஒரு சோற்றைப் பதம் பார்க்கலாம், சோறு எங்கும் ஒரே மாதிரி வெந்திருந்தால்! கல்லீரல் தழும்பு அப்படி ஒரே சீராகப் பரவுவதில்லை.

இந்த இடத்தில்தான் உயிர்க்குறிகள் கைகொடுக்கின்றன. மூன்றாம் வகைக் கொலாஜனின் குஞ்சம் ஒன்று, அதோடு கயிற்றை அவிழ்க்கும் என்ஸைமைத் தடுக்கும் பொருள் ஒன்று, தழும்பில் மிகுதியாகும் ஹையலூரானிக் அமிலம் ஒன்று, ஆக மூன்றையும் இரத்தத்தில் அளந்து ஒரே எண்ணாகத் தரும் பரிசோதனை பிரிட்டன் முதலிய நாடுகளில் வழக்கத்துக்கு வந்தது. கொழுப்பினால் கல்லீரல் தழும்பேறியவர்களுக்கு நோய் எவ்வளவு விரைவில் முற்றக் கூடும் என்று கணிக்க, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021-இல் இதற்கு அனுமதி வழங்கியது. கல்லீரலின் இறுக்கத்தை மேலிருந்தே அதிர்வினால் அளக்கும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பலருக்கு ஊசி வேண்டியிராது.

முன்கூட்டி அறிவதால் பயன் உண்டா? உண்டு. ஒருமுறை விழுந்த தழும்பு மாறாது என்பதே பழைய அபிப்பிராயம். ஹெப்படைட்டிஸ் கிருமியை மருந்தால் ஒழித்த பிறகு பலருக்குத் தழும்பே குறைந்து வருவதைப் பிற்காலத்தில் கண்டார்கள். கொழுப்பினால் வரும் தழும்புக்கென்றே முதல் மருந்து அமெரிக்காவில் 2024-இல் அனுமதி பெற்றது. குடியை விடுவதும், எடையைக் குறைப்பதும் எல்லா மருந்துக்கும் முந்திய மருந்துகள்.

மூட்டும் தோலும்

வாத நோய்களின் பக்கம் திரும்புவோம். 1942-இல் நியூயார்க்கில் பால் கிளெம்பரரும் அவருடைய சகாக்களும், லூபஸ் என்ற வியாதியையும் தோல் இறுகிப் போகும் ஸ்க்ளீரோடெர்மா என்ற வியாதியையும் ஒன்று சேர்த்துக் கொலாஜன் வியாதி என்று பெயரிட்டார்கள். உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலைத் தாக்குவது இவற்றின் மூலம் என்று பின்னால் தெளிவாயிற்று. ஆயினும் ஸ்க்ளீரோடெர்மாவுக்கு அந்தப் பெயர் ஒரு விதத்தில் பொருத்தமே. விரல்களின் தோல் மரக்கட்டை போலாகி, நுரையீரலும் இறுகி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

முடக்குவாதத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. மூட்டின் உட்சவ்வு வீங்கிப் பெருகி, குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜனை அரித்துத் தின்கிறது. அரிபட்ட துணுக்குகள் சிறுநீரில் வருகின்றன. முடக்குவாதம் ஆரம்பித்த நிலையிலிருந்த நோயாளிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், தொடக்கத்தில் இத்துணுக்கு அதிகமாக இருந்தவர்களுக்கே எக்ஸ் கதிர்ப் படத்தில் மூட்டுச் சேதம் அதிகமாகக் காணப்பட்டது. படத்தில் தெரியும் முன்பே சிறுநீர் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

ஆனாலும் இந்தப் பரிசோதனை இன்னும் சாதாரண வைத்தியசாலைக்கு வந்து சேரவில்லை. ஒருவருக்கே காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் காட்டும்; முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் கூடும்; எந்த மூட்டு என்று சொல்லாது. பல பேரைச் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு உதவுவது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்லப் போதாது.

ஒரே மருந்தில் இரண்டு கவலை

வாதமும் தழும்பும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெதோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை வகித்த லெடர்லி ஆராய்ச்சிசாலையில் உருவான மருந்து வரிசையைச் சேர்ந்தது அது. இரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்த அந்த மருந்து, சிறு அளவில் வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்குகிறது. வாரம் ஒரு முறை என்பதைத் தவறாக எண்ணித் தினந்தோறும் உட்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் இதை மறக்கலாகாது.

நீண்ட காலம் உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் தழும்பேறலாம் என்ற அச்சமும் இம்மருந்தோடு சேர்ந்து வந்தது. சொரியாஸிஸ் என்ற தோல் வியாதிக்கு இதைக் கொடுத்து வந்த பிரிட்டிஷ் டாக்டர்கள், மூன்றாம் வகைக் கொலாஜனின் குஞ்சத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் அளந்து வந்தார்கள். அளவு சரியாகவே இருந்துவந்தால் ஊசி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு முறை ஏறியதைக் கண்டும் பதறவில்லை. ஓராண்டில் மூன்று முறையாவது ஏறியிருந்தால்தான் மேலே யோசித்தார்கள். பல நோயாளிகள் ஊசிக் குத்தலிலிருந்து தப்பினார்கள்.

அதே பரிசோதனையை மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்குச் செய்தபோது குழப்பம் நேர்ந்தது. வீங்கிய மூட்டே மூன்றாம் வகைக் கொலாஜனைத் திரிக்கிறதல்லவா? கல்லீரல் நன்றாக இருந்தும் எண் ஏறியது. வளரும் பிள்ளைகளுக்கும், எலும்பு முறிந்து கூடிக் கொண்டிருப்பவர்களுக்கும் ஏறவே செய்யும். வாசலில் சீவல் கிடக்கிறது, வாஸ்தவந்தான். எந்த வீட்டுப் பட்டறையிலிருந்து காற்று அதைக் கொண்டுவந்தது என்பதைச் சீவல் சொல்லாது.

இக்காரணத்தால் இப்போது ஆராய்ச்சியாளர்கள் ஒரே எண்ணை நம்பாமல், திரிக்கும் குறியையும் அவிழ்க்கும் குறியையும் சேர்த்து, ஒரே மனிதரிடம் பல முறை அளந்து பார்க்கிறார்கள். காரணம் தெரியாமல் நுரையீரல் இறுகும் வியாதிக்காரர்களைப் பிரிட்டனில் இவ்விதம் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று மாத இடைவெளியில் இத்துணுக்குகளின் அளவு ஏறிக்கொண்டே போனவர்களுக்கு மரண அபாயம் அதிகம் என்று கண்டார்கள். ஒரு நாள் இருக்கும் அளவைவிட, அது போகும் திசை முக்கியம். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பரீட்சையின் மார்க்கை வைத்துக் கொண்டு ஒரு பையனை மக்கு என்று சொல்லிவிடலாகாது என்பதை உபாத்தியாயர்களாகிய நாம் அறிவோம். இங்கும் நியாயம் அதேதான்.

கடைகளில் இப்போது கொலாஜன் பொடி அழகான டப்பாக்களில் விற்கிறது. வயிற்றுக்குள் போனதும் அது மற்றப் புரதங்களைப் போலவே அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் ஜீரணமாகிறது. கயிறு கயிறாகவே முழங்காலுக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்தப் பணத்தைச் செலவிடுமுன், வீட்டில் சர்க்கரை வியாதியோ பருத்த உடலோ பழைய காமாலையோ உள்ளவர் யாரேனும் இருந்தால், அவருடைய கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டறிவது மேல். பரிசோதனைச் சீட்டில் ஓர் எண் வந்துவிட்டால் அதை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். சென்ற முறை என்ன, அதற்கு முந்திய முறை என்ன, இடையில் மூட்டு வீங்கியிருந்ததா என்ற கேள்விகளையும் டாக்டரிடம் சேர்த்துக் கேளுங்கள். எண்ணுக்குப் பொருள் கொடுப்பவை அந்தக் கேள்விகளே.